இரண்டாவது கியர்

ஜே.சி. ரோட்டில்
எண்ணெய் குடித்துக் கறுத்த பலகைமேல்
என் வண்டியின் வயிற்றைப் பிரித்து வைத்திருந்தார் அல்தாஃப்.
"பாருங்க பிலோமினா மேடம்,
நாலு வருஷமா நீங்க தள்ளிக்கிட்டிருந்தது இதைத்தான்."

நான் நினைத்திருந்தது வேறு.
குச்சியைத் தள்ளினால்
உள்ளே ஒரு சக்கரம் எழுந்து போய்
இன்னொன்றின் பல்லைக் கடிக்கும் என்று.

இல்லையாம்.
எல்லாப் பல்லும் எப்போதும் கடித்தபடிதான்.
ஐந்து ஜோடியும் ஒரே நேரத்தில்
ஆளுக்கொரு வேகத்தில்
தண்டைப் பிடிக்காமல் சும்மா சுற்றுகின்றன.
நான் நகர்த்துவது ஒரு வளையத்தை.
அது போய் ஒன்றை மட்டும் தண்டோடு பூட்டும்.
பூட்டியது சம்பளத்துக்கு ஓடுகிறது.
மற்றவை
கூட ஓடுகின்றன.

முதல் கியரின் சக்கரம் என் உள்ளங்கையைவிடப் பெரிது.
அதைத் தள்ளுவது ஒரு பொடிசு.
பொடிசு மூன்றரைச் சுற்று சுற்றினால்தான்
பெரியது ஒன்று சுற்றும்.
"மிச்சம் ரெண்டரை எங்க போச்சு?"
அல்தாஃப் சிரிக்கவில்லை.
"எங்கயும் போகலை. பலமா மாறிடுச்சு."

எனக்குச் சேட்டுக் கடைதான் ஞாபகம் வந்தது.
வளையலும் பணமும்
ஒரே நாளில் ஒரே கையில் இருந்ததில்லை.
வேகத்தை அடகு வைத்து
ஹெப்பாள் மேம்பாலம் ஏறுகிறேன்.
ஏர்போர்ட் ரோட்டில், விடியற்காலை,
பலத்தைக் கொடுத்து வேகத்தை மீட்கிறேன்.
வட்டி
சூடாகி எண்ணெயில் போய்விடுகிறது.

ரிவர்ஸுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு குட்டிச் சக்கரம்.
அது புகுந்தால் திசை புரண்டுவிடும்.
அந்தப் பற்களை மட்டும் நேராக வெட்டியிருக்கிறார்கள்.
நேரான பல் ஊளையிடுமாம்.
ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்டின் டவுன் சந்தில்
பின்பக்கமாக நான் வண்டியை நுழைக்கும்போது
மாடி வீட்டு ரோஸ்லின் புரண்டு படுத்து
"வந்துட்டா" என்பது
அதைக் கேட்டுத்தான்.

பழுது எது என்றேன்.
பித்தளையில் ஒரு மோதிரத் தடிமன் வளையத்தைத் தூக்கினார்.
"தண்டு ஒரு வேகம், சக்கரம் ஒரு வேகம்.
இது முன்னாடி போய் உரசும்.
ரெண்டும் ஒண்ணானப்புறம்தான் உள்ள விடும்."
உரசி உரசி
இரண்டாவதின் வளையத்தில் வரியே இல்லை.
சில்க் போர்டு தின்றது அது.
ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று,
மூன்றைத் தொடாத எத்தனை மாலைகள்.
ஐந்தாவதின் வளையமோ
கடையில் இப்போதுதான் வாங்கியதுபோல மின்னியது.
அதைப் பார்க்கக் கொஞ்சம் கோபமாக இருந்தது.

பார்ட் வரப் பத்து நாள்.
தவணை ஐந்தாம் தேதி.
"மூடிக் குடுத்துடுங்க."
பிரித்ததற்குக் கூலி வேண்டாம் என்றார்,
மூடியதற்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.
"ரெண்டாவதுக்குப் போறப்ப அவசரப்படாதீங்க.
நியூட்ரல்ல ஒரு மூச்சு.
அதுக்குள்ள தண்டு தானா இறங்கிடும்."

அன்று இரவு டொம்லூரில் ஏறிய பையன்
கழுத்து அட்டையைக்கூடக் கழற்றவில்லை.
சிக்னல் நூற்று நாற்பதிலிருந்து
எண்ணிக்கொண்டே வந்தது.
பச்சை.
ஒன்று.
கிளட்ச்.
குச்சி நடுவில்,
எதோடும் பூட்டாத அந்த ஒரு நொடியில்
வண்டி சொந்த எடையில் நழுவிக்கொண்டிருந்தது.
இன்ஜின் குரல் இறங்குவது பாதத்தில் கேட்டது.
பின்னால் டெம்போக்காரன் ஹாரனில் படுத்திருந்தான்.
"ஏனாயித்து மேடம்?" என்றான் பையன்.
"ஏனில்லா."

டொக்.
கரகரப்பே இல்லை.
நான் உதட்டைக் கடித்துக்கொண்டு
மூன்றாவதுக்குக் கையை நீட்டினேன்.

முன்னால் பஸ்ஸின் சிவப்பு விளக்கு.
திரும்ப ஒன்று.